நாலாவது இடம் கோப்பையாகிப்போன கதை

(இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ரசிகர்கள் தங்கள் கிளப்புகள் மேல் உள்ள கோபத்தைப் பேசிக்கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்.)

வடக்கு ஸ்டாண்டு

ஒரு கிளப்புக்கு ஆசை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும் என்பதற்கு ஆர்சனலை விட நல்ல பாடம் கிடையாது. 2003-04 சீசனில் 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை. 2006-ல் ஹைபரியை விட்டு எமிரேட்ஸுக்குக் குடிபோனார்கள். 38 ஆயிரம் இருக்கை 60 ஆயிரம் ஆனது, கூடவே கடனும் வந்து உட்கார்ந்தது. 2005 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு அடுத்த கோப்பை 2014-ல்தான்.

அந்த ஒன்பது வருடமும் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர் வெங்கரைத் திட்டியவர்களில் பாதிப் பேர் தப்பான காலத்தைத் திட்டினார்கள். கையில் காசில்லாத நாட்களில் வருடா வருடம் முதல் நாலு இடத்துக்குள், அதாவது ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்குப் போகிற இடத்துக்குள் நிற்க வைத்தது லேசான வேலையா? கோளாறு அதற்குப் பிறகு வந்தது. காசு வந்தும் பழைய கஞ்சத்தனம் போகவில்லை. நாலாவது இடமும் ஒரு கோப்பை மாதிரிதான் என்று 2012-ல் அவரே பேசினார். கணக்கு எழுதுகிறவர் சொல்ல வேண்டியதை மேனேஜர் சொன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவனுக்கும் அது காதில் விழும். அந்தக் கோடையிலேயே ஆர்சனலின் ஸ்ட்ரைக்கர் வான் பெர்சி 24 மில்லியன் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார், 26 லீக் கோல் அடித்தார், அவர்கள் சாம்பியன்.

ஆள் வாங்கிய தொகையை விட வாங்கிய தேதியைப் பாருங்கள். 2011 ஆகஸ்டில் நடுக்கள வீரர்கள் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும் போனார்கள். 28-ந் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டில் 8-2 தோல்வி. உடனே 30, 31 இரண்டே நாளில் பார்க் சூ-யங், மெர்டசாக்கர், ஆந்த்ரே சாண்டோஸ், ஆர்டெட்டா, கடனாக பெனாயூன் என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் இரண்டு பேர் நன்றாகவே ஆடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் டிஃபென்ஸ் வரிசை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கப் பழகுவது ஜூலைப் பயிற்சியில். ஆகஸ்ட் 31-ல் வந்தவன் அந்தப் பாடத்தை லீக் ஆட்டத்தில், கோல் வாங்கிக்கொண்டே படிக்க வேண்டும்.

2015 இன்னும் மோசம். அந்தக் கோடையில் வாங்கியது செக் ஒருவரை மட்டும், அதாவது ஒரு கோல்கீப்பர். களத்தில் ஓடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. அந்த சீசனில் பெரிய கிளப்புகள் எல்லாம் ஒன்றாகச் சறுக்கின. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனது லெஸ்டர், 81 புள்ளி. ஆர்சனல் 71 புள்ளியோடு இரண்டாவது. தோற்றதை விட, ஜெயிக்க வாய்ப்பு வந்தபோது தயாராக இல்லாததுதான் அந்த ரசிகர்களுக்கு ஆறவே இல்லை.

லில்லிவைட்

மேலே சொன்னவர் கொடுத்துவைத்தவர். நாலாவது இடம் கிடைத்தால் எங்கள் டாட்டன்ஹாமில் ஊர்வலமே விடுவார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேனேஜர் மாறும்போதெல்லாம் முந்தையவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. மேனேஜர் போச்செட்டினோவுக்கு 2018 கோடையிலும் புது ஆள் இல்லை, 2019 ஜனவரியிலும் இல்லை. ஏறக்குறைய 17 மாதம் ஒரு புது வீரர்கூட வரவில்லை. போதாததற்கு அந்த ஜனவரியில் டெம்பெலேவையும் சீனாவுக்கு விற்றார்கள். நடுக்களத்தில் நாலு பேர் சூழ்ந்தாலும் பந்தைத் தோளோடு தள்ளி வெளியே எடுத்து வரக்கூடிய ஒரே ஆள் அவர். அதோடுதான் 2019 ஜூன் 1-ல் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரை போனார்கள். நவம்பர் 19-ல் அவரை நீக்கினார்கள், அணி 14-வது இடம். ஐந்தே மாதத்தில் ஒரு மேனேஜருக்கு ஆட்டம் மறந்துவிடுமா? கால்கள் தேய்ந்துபோயிருந்தன. அவர் ஆட்டமோ முழுக்க முழுக்க ஓட்டத்தை நம்பியது.

அடுத்து மொரின்யோ. இங்கே மேனேஜர் பக்கமும் பிழை உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 அக்டோபரில் வெஸ்ட் ஹாமோடு 82-வது நிமிடம் வரை 3-0, முடிந்தது 3-3. அது விபத்து என்று விட்டுவிடலாம். 2021 மார்ச்சில் டினாமோ ஜாக்ரெபிடம் முதல் ஆட்டத்தில் 2-0 ஜெயித்துவிட்டு, அங்கே போய் கூடுதல் நேரத்தில் 3-0 தோற்றது விபத்து இல்லை. முன்னிலை வந்ததும் மொத்த அணியும் பெனால்டி ஏரியா வாசலுக்கு இறங்கிவிடும். கிளியர் பண்ணுகிற பந்தைப் பிடித்து வைக்க முன்னால் ஸ்ட்ரைக்கர் கேன் மட்டும் தனியாக. அவரிடமிருந்து பந்து போனால் பத்து நொடியில் திரும்பவும் நம் வாசலில். இப்படி இருபது தடவை வந்தால் ஒன்று உள்ளே போகத்தான் செய்யும்.

ஆனால் அவரை அனுப்பிய தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 19. லீக் கோப்பை இறுதி ஆட்டம் 25. எதிரே மான்செஸ்டர் சிட்டி. நம் பெஞ்சில் மேனேஜராக 29 வயது ரயன் மேசன். 2008-க்குப் பிறகு கோப்பையே காணாத கிளப், இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால் இப்படிச் செய்கிறது என்றால் கோப்பை அவர்கள் கணக்கிலேயே இல்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்த மேனேஜர் நூனோ 17 ஆட்டம். முதல் மூன்று லீக் ஆட்டமும் 1-0 வெற்றி, அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருதுகூட வாங்கினார். நவம்பர் 1-ல் வீட்டுக்கு. யுனைடெட் ஆட்டத்தில் லூகாஸ் மௌராவை வெளியே எடுத்தபோது ஸ்டேடியமே கூச்சலிட்டதே, அதோடு அவர் கதை முடிந்தது. அவருக்குப் பிறகு வந்த கோன்டே 2023 மார்ச்சில் சௌத்தாம்ப்டனில் 3-1-ஐ 3-3 ஆக விட்டுவிட்டு, இதே முதலாளி இருபது வருடமாக இருக்கிறார், எதுவும் ஜெயித்ததில்லை என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார். 2008 கோப்பையைத் தள்ளிவைத்தால் சொன்னது சரிதான். சொன்னவர் தன் பங்கைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆஃப்சைடு கோடு

கோபம் மேனேஜர் மேல் இருக்க வேண்டுமா, கிளப்பை நடத்திப் பணம் போடுகிற போர்டு மேலா என்பதற்கு டிவியில் பார்க்கும்போதே கிடைக்கிற தடயம் ஒன்று இருக்கிறது. பந்து பறிபோன கணத்தில் கண்ணைப் பந்திலிருந்து எடுத்துவிடுங்கள். முன்வரிசை பறிக்கப் பாய்கிறது, பின்வரிசை பின்வாங்குகிறது, நடுவில் முப்பது மீட்டர் திடல் காலியாகக் கிடக்கிறது என்றால், அது பயிற்சியில் சொல்லிக்கொடுக்காத விஷயம். மேனேஜர் பொறுப்பு. எல்லோரும் ஒன்றாகவே பாய்கிறார்கள், ஆனால் 60-வது நிமிடத்துக்குப் பிறகு ஒவ்வொருவரும் அரை அடி பிந்துகிறார்கள் என்றால் அது ஆள் பற்றாக்குறை. வாங்கித் தராதவர் பொறுப்பு.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் தலை சுற்றும். கோன்டேவுக்குப் பின் வந்த மேனேஜர் போஸ்டெகோக்லூவின் டாட்டன்ஹாம் அப்படி. 2023 நவம்பர் 6, செல்சியோடு இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. ஒன்பது பேரோடும் டிஃபென்ஸ் வரிசை நடுக்கோட்டிலேயே நின்றது. 4-1 தோல்வி. அன்று எழுந்து நின்று கைதட்டிய அதே ரசிகர்கள் அடுத்த வருடம் அதே வரிசையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். உயர்ந்த வரிசைக்குப் பின்னால் ஓடிப் பிடிக்க டிஃபென்டர் வான் டி வென் வேண்டும். அவர் காயம், இன்னொரு டிஃபென்டர் ரொமேரோ காயம், கோல்கீப்பர் விகாரியோவும் காயம். 18 வயது ஆர்ச்சி கிரே, மிட்ஃபீல்டு பையன், சென்டர் பேக்கில், அதாவது டிஃபென்ஸின் நடுவில் நின்றான். ஆளுக்குத் தகுந்தபடி வரிசையைப் பத்து மீட்டர் இறக்கியிருக்கலாம். பிடிவாதத்தைக் கொள்கை என்று பெயர் மாற்றிக்கொள்கிற மேனேஜர்கள் உண்டு.

லில்லிவைட்

அந்த 2024-25 சீசனில்தான் 22 லீக் தோல்வி, 38 புள்ளி, 17-வது இடம், கூடவே பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 வென்று யூரோப்பா லீக். 17 வருடத்துக்குப் பிறகு முதல் கோப்பை. பதினாறு நாள் கழித்து போஸ்டெகோக்லூவையும் நீக்கினார்கள். கோப்பை வேண்டுமா, லீக் இடம் வேண்டுமா என்று கிளப்புக்கே தெரியவில்லை என்பதற்கு இதை விட என்ன சொல்ல?

பேரேடு

எல்லாரும் ஆட்டத்தையே பேசுகிறீர்கள். கிளப்பின் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள், பொதுவில் கிடைக்கிறது. "இவ்வளவு செலவு பண்ணினோம்" என்று கிளப் சொல்கிற டிரான்ஸ்பர் தொகையை நம்பிக் கோபத்தைத் தணித்துக்கொள்ள வேண்டாம். 50 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் கணக்கில் வருடத்துக்கு 10 மில்லியன்தான் ஏறும். உண்மையான ஆசை தெரிவது சம்பளப் பட்டியலில். மொத்த வருமானத்தில் எத்தனை சதவீதம் சம்பளத்துக்குப் போகிறது என்று பாருங்கள். டாட்டன்ஹாம் சில வருடங்களாகப் பாதிக்கும் கீழேதான் நிற்கிறது. முதலாளிக்கு அது கெட்டிக்காரத்தனம். ஆனால் முதல் தர ஆள் கேட்கிற வாரச் சம்பளத்தைக் கொடுக்க மாட்டோம் என்பதற்கும் அதுதான் அர்த்தம்.

பிரீமியர் லீக் விதி கையைக் கட்டிவிட்டது என்று போர்டு சொன்னால் அதையும் சரிபார்க்கலாம். 2025-26 சீசன் வரையான விதிப்படி மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். அதில் 90 மில்லியன் வரை முதலாளி தன் பணத்தைப் பங்காகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். போடாவிட்டால் 15 மில்லியன்தான் எல்லை. அகாடமி, மகளிர் அணி, ஸ்டேடியம் செலவு இதில் சேராது. எவர்ட்டன் இந்த எல்லையைத் தாண்டித்தான் 2023-ல் பத்து புள்ளி இழந்தது, மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. ஆக விதி நிஜம்தான். எல்லைக்குப் பக்கத்திலேயே போகாத கிளப் அந்த விதியைக் காட்டினால்தான் சாக்கு.

இன்னொன்று. அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால் வருகிற பணம் முழுக்க அந்த வருட லாபம், ஏனென்றால் புத்தகத்தில் அவன் விலை பூஜ்யம். ரசிகர்கள் நேசிக்கிற உள்ளூர்ப் பையன் முதலில் விலை போவது இதனால்தான்.

ஸ்ட்ரெட்ஃபோர்டு

யுனைடெட் கணக்கையும் போடுங்கள். 2013-ல் மேனேஜர் மோயஸுக்கு எவர்ட்டன் வீரர் ஃபெல்லாய்னி வேண்டும். ஒப்பந்தத்தில் 23.5 மில்லியன் என்று விடுவிப்புத் தொகை இருந்தது, ஜூலைக் கடைசி வரை செல்லும். அதைத் தவறவிட்டு, ஆள் வாங்கும் கெடுவான விண்டோ மூடுகிற நாளில் 27.5 கொடுத்தார்கள். 2024 ஜூலையில் மேனேஜர் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அக்டோபர் 28-ல் நீக்கினார்கள். அவருக்கும் அவர் குழுவுக்கும் கொடுத்தனுப்பியது பத்து மில்லியனுக்கு மேல்.

அடுத்த மேனேஜர் அமோரிம் வந்ததும் 3-4-3, அதாவது டிஃபென்ஸில் மூன்று பேர். வாங்கி வைத்திருந்த ஆட்களோ நாலு பேர் டிஃபென்ஸுக்கானவர்கள். நடுக்களத்தின் மையத்தில் இரண்டே பேர், எதிரணிக்கு மூன்று. மூன்றாவது ஆளைப் பிடிக்க ஒரு சென்டர் பேக் முன்னால் ஏறினால் அவன் விட்ட இடம் ஓட்டை, ஏறாவிட்டால் அந்த மூன்றாவது ஆள் நிதானமாகத் திரும்பிப் பந்து கொடுப்பான். அந்த சீசன் 42 புள்ளி, 15-வது இடம். 2025 ஆகஸ்டில் நாலாம் டிவிஷன் கிரிம்ஸ்பியிடம் லீக் கோப்பையில் பெனால்டியில் 12-11. மேனேஜருக்கு ஏற்ற ஆள், ஆளுக்கு ஏற்ற மேனேஜர், இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்ய அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

ஈவுட்

உங்கள் துக்கமெல்லாம் மேல்தட்டுத் துக்கம். எங்கள் பிளாக்பர்ன் கிளப் 1995 சாம்பியன். 2010 நவம்பரில் புனே கோழி நிறுவனம் வெங்கிஸ் வாங்கியது. அடுத்த மாதமே மேனேஜர் அலர்டைஸை நீக்கிவிட்டு ஸ்டீவ் கீனை உட்கார வைத்தார்கள். ரசிகர்கள் மாதக்கணக்கில் கத்தியும் அவர் நகரவில்லை. 2012 மே மாதம் விகன் ஆட்டத்தில் யாரோ ஒரு கோழிக்குக் கிளப் கொடியைக் கட்டி மைதானத்துக்குள் விட்டார்கள். அன்று ராத்திரியே பிரீமியர் லீக்கிலிருந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியாயிற்று. அந்தக் கோழியைப் பிடிக்கப் பட்ட பாடு தனி.

கீன் போன பிறகு மேனேஜராக ஹென்னிங் பெர்க் 57 நாள், ஆப்பிள்டன் 67 நாள். பெர்க் மீதி ஒப்பந்தப் பணத்துக்கு வழக்குப் போட்டு 2.25 மில்லியன் பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். ஐம்பத்தேழு நாள் வேலைக்கு! "தூக்கு, தூக்கு" என்று கத்துகிறவர்கள் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி, இடையில் நீக்கினால் எவ்வளவு என்று உச்சவரம்பு எழுதியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டுக் கத்துங்கள்.

காப்

கத்துவதில் பலன் இல்லை என்று முடித்துவிடாதீர்கள், முறை இருக்கிறது. வெறும் காலி இருக்கையால் பலன் குறைவு. டிக்கெட் விற்றாயிற்று என்றால் வருகைக் கணக்கில் அது சேர்ந்துவிடும். 2018 மார்ச் 1, பனி கொட்டிய ராத்திரி, சிட்டியோடு ஆர்சனல் 3-0 தோற்றபோது ஸ்டேடியத்தில் கண்ணுக்குத் தெரிந்த வெற்றிடம் அறிவித்த எண்ணிக்கையில் தெரியவில்லை. 2017-ல் விமானத்தில் வாசகம் கட்டிப் பறக்கவிட்டார்களே, வெங்கருக்கு எதிராக ஒன்று, ஆதரவாக இன்னொன்று. ரசிகர்களே இரண்டாகப் பிளந்து நிற்பதைத்தான் ஊருக்கே காட்டினார்கள்.

லிவர்பூலில் 2016 பிப்ரவரி 6 வேறு மாதிரி. புது மெயின் ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவிப்பு. கோரிக்கை அது ஒன்றுதான். மேனேஜர், ஆட்டம், முதலாளி என்று வேறெதையும் அதோடு கலக்கவில்லை. 77-வது நிமிடத்தில் எழுந்து போவது என்று முன்கூட்டியே முடிவு. நிமிடமே வாசகம், பேனர்கூடத் தேவையில்லை. சுமார் பத்தாயிரம் பேர் எழுந்தார்கள். அப்போது சண்டர்லாந்தோடு 2-0 முன்னிலை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போனதால் தோல்விக் கோபம் என்று யாராலும் தள்ளிவிட முடியவில்லை. ஆட்டமும் அதன்பின் 2-2 ஆனது, அது தற்செயல்.

நாலு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள்.

லில்லிவைட்

எங்கள் ஆட்களை வைத்து இதைச் செய்ய முடியாது. 77-வது நிமிடத்தில் 2-0 முன்னிலை என்றால் எழுந்து போக மனசு வராது. எத்தனை தடவை வாய்த்திருக்கிறது அது?