மாடி மண்டபத்துக்குப் பின்பக்கம் சுழல்படி போதுமா?

குடந்தைவாசி:
கும்பகோணத்தில் கல்யாண மண்டபம். கீழே சாப்பாட்டுக்கூடம், 14 அடி உயரத்தில் மாடி ஹால், 60க்கு 40 அடி. உள்ளே ஒரே படிக்கட்டு, 5 அடி அகலம். தீயணைப்புத் துறைச் சான்றுக்கு இரண்டாவது படி கேட்கிறார்கள். பின் சந்தில் இரும்புச் சுழல்படி வைத்தால் இடம் மிச்சம் என்கிறார் வெல்டிங்காரர். செல்லுமா?

கட்டடக்கணக்கு:
செல்லாது சார். சுழல்படி ஆள் குறைவாக உள்ள இடத்துக்குத்தான்.

2016 தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி, நாற்காலி நகர்த்திப் போடும் ஹாலில் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர். உங்கள் 223 சதுர மீட்டருக்கு 343 பேர். படியில் ஆளுக்கு 10 மி.மீ. அகலம், ஆக 3.43 மீட்டர் வேண்டும். இருக்கிற 5 அடிப் படி 152 பேரைத்தான் இறக்கும். மீதி 191 பேருக்கு 2 மீட்டர் அகல நேர்படி போடுங்கள். மண்டபத்துக்குக் குறைந்தபட்சமே 2 மீட்டர்தான். உள்படியும் அதற்குக் குறைவு என்பதை வரைபடத்தோடு ஆய்வாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வெளிப்படிக்கு மிதி (கால் வைக்கும் பலகையின் ஆழம்) குறைந்தது 250 மி.மீ., ஒரு படியின் உயரம் 190ஐத் தாண்டக் கூடாது. 14 அடிக்கு 23 படி வரும். தொடர்ச்சியாக 15க்கு மேல் கூடாது என்பதால் நடுவில் மேடை விட்டு 12, 11 ஆகப் பிரியுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சந்தில் சமையற்கட்டு ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். வெளிப்படியை ஒட்டி எந்த ஜன்னலும் திறக்கக் கூடாது. அடுப்படியில் பற்றினால் தீ நேரே படிமேல்தான் வீசும். உள்படிக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். கதவு 2 மீட்டர், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், திறந்ததும் கால் வைக்க மேடை வேண்டும். உருட்டு ஷட்டர் வெளியேறும் கதவாகக் கணக்கில் சேராது.

கதவின் இருபுறமும் வாழைமரம் கட்டினால் 2 மீட்டர் ஒன்றேகால் மீட்டராகிவிடும். மரத்தைத் தெரு வாசலில் கட்டச் சொல்லுங்கள். வாடகை நாற்காலியை அடுக்குவதும் பெரும்பாலும் கதவுக்கு வெளியே உள்ள இந்த மேடையில்தான், அதையும் விடாதீர்கள்.

மழையில் சந்தில் தண்ணீர் நிற்குமென்றால் தூண்களைக் கான்கிரீட் பீடத்தின்மேல் நிறுத்துங்கள். மண்ணில் புதைத்த பைப் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், பெயிண்டுக்கு மேலே தெரியாது.

குடமுருட்டி:
மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை இருந்தால் அதை முதலில் பிரியுங்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் மண்டபத்தில் எரிந்தது கீற்றுப் பந்தல். அதே ஆண்டு ஜூலையில் உங்கள் ஊர்ப் பள்ளியில் 94 பிள்ளைகள் போனதும் கீற்றுக் கூரையால்தான்.

பின் சந்து தெருவில் போய்ச் சேருகிறதா? கேட்டில் பூட்டுத் தொங்கினால் படி இறங்கிய 191 பேரும் அங்கேதான் நிற்பார்கள். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ் போடுங்கள்.