17-லிருந்து 11-க்கு: பெட்ரோல் குடித்த வண்டிகளும் நாங்கள் தேடிய காரணங்களும்

முதல் பகிர்வு, கோயம்புத்தூர்

என்னிடம் இருப்பது 2012-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டி, ஒரு கோடையில் ரேடியேட்டர் ஒழுகிச் சூடேறி நின்றது. சாலையோரப் பட்டறை ஒன்றில் பழுது பார்த்து எடுத்து வந்த பிறகு, சில மாதங்களில் மைலேஜ் 11-க்கு இறங்கிவிட்டது. பெட்ரோல் பங்கில் அளவு குறைகிறதோ என்றுதான் முதலில் ஐயப்பட்டேன். ஒரே பங்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை நிரப்பி, 300 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் அவ்வாறே நிரப்பிக் கணக்கிடுவதை மூன்று முறை செய்து பார்த்த பின்பே குறை வண்டியில்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது நான்கும் கரி பூசியதுபோல் உலர்ந்த கறுப்பாக இருந்தன. நான்கும் ஒரே மாதிரி இருந்ததுதான் பெரிய தடயம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஓர் இன்ஜெக்டர் ஒழுகினால் அந்த சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்திருக்கும். நான்கும் கறுத்திருந்தால் எல்லா சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். நானோ புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரை மாற்றினேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்யக் கொடுத்தேன். பணம் போனதே தவிர, மைலேஜ் ஏறவில்லை.

விடை ஊட்டியில் கிடைத்தது. டிசம்பரில் கோத்தகிரி வழியாக இறங்கும்போது, குளிர்கிறது என்று மனைவி சொன்னதால் ஹீட்டரைப் போட்டேன். வெதுவெதுப்பான காற்றுகூட வரவில்லை. வெப்பம் காட்டும் முள்ளும் எப்போதும் நிற்கும் இடத்துக்கு வெகு கீழே கிடந்தது. வீடு திரும்பியதும் வண்டிக் கணினியின் அளவுகளைப் படிக்கும் ஓபிடி அடாப்டரைச் செருகிக் கைப்பேசியில் பார்த்தேன். அவிநாசி சாலையில் அரை மணி நேரம் ஓடிய பின்பும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) 58 டிகிரியிலேயே இருந்தது. 85-ஐத் தாண்டியிருக்க வேண்டிய நேரம் அது. இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று அந்தப் பட்டறையில் கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுமையாக ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடும் என்பதால், கூலன்ட் சூடாகும் வரை பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கணினியான இசியு கூடுதலாகத்தான் பீய்ச்சும். என் வண்டி எப்போதும் அந்த நிலையிலேயே ஓடியிருக்கிறது. புதிய தெர்மோஸ்டாட் போட்ட பிறகு 16.5 கிடைக்கிறது.

மறுமொழி, மதுரை

பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை நானும் செய்திருக்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கூலன்ட் சூட்டைப் பார்த்துப் பெட்ரோலை அளக்கும் சென்சார் கிடையாது. ஆகவே கழற்றினாலும் மைலேஜில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை, வாடிக்கையாளரும் திரும்பி வருவதில்லை. இன்ஜெக்டர் வண்டிகள் வந்த பின்பும் பலருக்கு அந்தக் கைப்பழக்கம் போகவில்லை.

என்னிடம் வந்த ஒரு பழைய காரில் கறுப்புப் புகை, பெட்ரோல் நெடி இரண்டும் இருந்தன. ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் (இசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் விகிதம்) கழித்தல் 20 சதவீதம் காட்டியது. அதாவது கலவையில் பெட்ரோல் மிகுந்திருப்பதை ஆக்ஸிஜன் சென்சார் சரியாகவே சொல்ல, இசியு குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் சென்சாரைக் குற்றவாளியாக்கி மாற்றுகிறார்கள். நான் பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைப் பிடுங்கினேன். அதிலிருந்து பெட்ரோல் சொட்டியது. உள்ளே டயஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்து, பெட்ரோல் நேராக, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் மானிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ரெகுலேட்டரை மாற்றியும் திருத்தம் கழித்தல் 12-க்கு மேல் ஏறாததால் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். பிறகுதான் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பல மாதங்களாக எரியாமல் வழிந்த பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்திருந்தது. ஆயில் சூடாகும்போது அது ஆவியாகி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் காற்றோட்டக் குழாய் வழியே மறுபடியும் சிலிண்டருக்கே போய்க்கொண்டிருந்தது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகு கழித்தல் 3-க்கு வந்து நின்றது.

மறுமொழி, நாகர்கோவில்

என் அனுபவம் இதற்கு நேர்மாறான அளவுகளோடு தொடங்கியது. திருத்தம் கூட்டல் 19 சதவீதம். பதிவான பிழைக் குறியீடு பி0171, அதாவது பெட்ரோல் போதவில்லை என்ற குற்றச்சாட்டு. ஆனால் பிளக்குகள் கறுத்திருந்தன, மைலேஜ் 18-லிருந்து 13-க்கு வந்திருந்தது. ஸ்கேனரை நம்பிப் பெட்ரோல் பம்பை மாற்றியதும் வீண்.

காலையில் முதன்முதலாக வண்டியைக் கிளப்பும்போது மட்டும் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கிவிடுவதை ஒரு மெக்கானிக் கவனித்தார். இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் புகைக்கரி கோடு போட்டிருந்தது. புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கேஸ்கெட்டில் விழுந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று தெரிவிக்கும். இசியுவும் நம்பி அள்ளி ஊற்றும். சென்சார் அளப்பது ஆக்ஸிஜனை மட்டுமே, பெட்ரோலை அல்ல என்பதை நான் கேஸ்கெட் மாற்றிய அன்றுதான் புரிந்துகொண்டேன்.

மறுமொழி, விழுப்புரம்

என்னுடையது 100 சிசி கார்புரேட்டர் பைக். 60 கொடுத்தது 40-க்கு வந்ததும் கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்குரூவைத் திருகித் திருகிப் பார்த்தேன். அது வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங்கையும் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே திருகும் சிறு திராட்டிலையும் மட்டுமே பாதிக்கும், சாலையில் ஓடும் வேகத்தில் அதற்கு வேலையில்லை என்பது பிறகு தெரிந்தது. குளிரில் கிளப்பக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கின் கேபிளில் துரு ஏறி, லீவரை விட்ட பின்பும் சோக் பாதியில் நின்றிருக்கிறது. எண்ணெய் விட்டதும் சரியாகிவிட்டது.

முதல் பகிர்வாளர், மீண்டும்

மதுரை ஐயாவின் பதிவைப் படித்த கையோடு கீழே போய் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. இடையில் நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. பெட்ரோல் நெடியும் அடிக்கிறது. 17-க்கு வராமல் அரை கிலோமீட்டர் குறைவது இதனால்தானா என்று சனிக்கிழமை ஆயில் மாற்றிய பின் மூன்று முறை நிரப்பிக் கணக்கிட்டு எழுதுகிறேன்.