பச்சைப் புள்ளி எரியாத பெயர்கள்: உங்கள் பள்ளி அனுபவத்தை எழுதுங்கள்

தொடங்கியவர்: ஒரு தலைமையாசிரியை

2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் பொறுப்பேற்று ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டே வாரத்தில் ஆன்லைன் வகுப்பைத் தொடங்கிவிட்டோம். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எட்டாம் வகுப்பில் 42 பேர். தினமும் 30, 31 பெயர்களுக்கு எதிரே வருகையைக் குறிக்கும் பச்சைப் புள்ளி எரியும். மேலே அறிக்கை அனுப்பும்போது "பெரும்பாலானோர் கலந்துகொண்டனர்" என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஒரு சனிக்கிழமை, புள்ளி எரியாத 11 பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். மாலை வரை ஆனது. ஒரு வீட்டில் இருப்பதே ஒரு போன்தான். காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டரைக்குத் திரும்புகிறது. மூன்று வீடுகளில் மாதத்தின் முதல் பத்து நாளிலேயே டேட்டா தீர்ந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. "அண்ணனுக்குப் பரீட்சை இருக்கு மிஸ், நான் அப்புறமா பார்த்துக்கறேன்" என்றாள் அந்தப் பெண். பதின்மூன்று வயது. அவள் அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு பையன் மட்டும் ஒரு நாள் விடாமல் வகுப்புக்கு வந்திருக்கிறான். கேமராவை அணைத்து வைத்திருந்ததால் அவனுக்கு ஆப்சென்ட் போட்டிருந்தோம். கேமரா போடாவிட்டால் வருகை இல்லை என்று விதி வைத்தது நான்தான். ஆறு பேர் புழங்கும் ஒற்றை அறையை வகுப்பு முழுவதற்கும் திறந்து காட்டு என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரமே அந்த விதியை நீக்கினோம். அப்புறம் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, யாருக்கு யார் அண்ணன், தங்கை என்று பட்டியல் போட்டு, ஒரே வீட்டுப் பிள்ளைகளின் வகுப்புகள் மோதாதபடி கால அட்டவணையைத் திருப்பிப் போட்டோம். ஆசிரியர்களுக்குச் சிரமம்தான். முழுசாகவும் முடியவில்லை. ஆனாலும் அந்தத் தங்கை வகுப்புக்கு வந்தாள். நீண்ட வீடியோக்களைக் குறைத்து எட்டு நிமிட ஒலிப்பதிவுகள் அனுப்பினோம். டேட்டாவும் குறைவு, அப்பா வீடு திரும்பிய பிறகு இரவிலும் கேட்கலாம். ஸ்மார்ட்போனே இல்லாத இருவருக்கு அச்சடித்த தாள்கள் போயின.

அந்த ஆண்டுக் கடைசியில் யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகில் 3 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்றது அது. அந்தக் கணக்கில் பார்த்தால், வகுப்புக்கு வந்த என் 31 பேர்தான் சிறுபான்மை.

உங்கள் பள்ளியில் ஒரு கருவியோ ஆப்போ யாரை வெளியே நிறுத்தியது? அது யார் கண்ணில் பட்டது?

கணித ஆசிரியர், 16 ஆண்டு

எங்கள் பள்ளியில் அது புதிதாக வந்த தலைமையாசிரியர் கண்ணில் பட்டது. வெளியே நிறுத்தியவன் நான்.

ஆய்வகத்தில் வேலை செய்வது 12 கணினி, வகுப்பில் 38 பேர். கணக்கை முதலில் முடிப்பவர்கள் போய் உட்காரலாம் என்று வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அது ஊக்கம் தரும் என்று மனதார நம்பினேன். புதிய தலைமையாசிரியர் ஒரு வாரம் முழுக்க ஒரு நோட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பாடம் நடத்துவதைக் கவனிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அந்த நோட்டை என்னிடம் நீட்டினார். கணினிக்கு ஒரு கட்டம் போட்டு, யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், மவுஸ் யார் கையில் இருந்தது என்று ஐந்து நாளும் குறித்திருந்தார்.

14 பேரின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை. எல்லாரும் கணக்கில் பின்தங்கியவர்கள், மெதுவாக எழுதுபவர்கள். அந்தப் பயிற்சி மென்பொருளை வாங்கியதே அவர்களுக்காக. இன்னொன்றும் தெரிந்தது. பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்த கணினிகளில் மவுஸ் அநேகமாகப் பையன் கையில்தான், அவள் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அதே அறையில் நின்றும் நான் இதைப் பார்த்ததில்லை. அவர் திட்டவில்லை. "வரிசையை நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து மாத்துவோமா சார்?" என்று மட்டும் கேட்டார். இப்போது சுழற்சி முறை, பாதி நேரத்தில் மவுஸ் கைமாறும், மெதுவாகப் படிப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு.

பீரோவில் பூட்டிக் கிடந்த டேப்லெட்டுகளையும் அவர்தான் வெளியே எடுத்தார். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர்தான் உடைந்தால் பொறுப்பு என்று எல்லாருக்கும் பயம். பிறகு யார் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள்? சாதாரணப் பயன்பாட்டில் உடைந்தால் ஆசிரியரும் பெற்றோரும் பொறுப்பல்ல, பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் பீரோ திறந்தது. வீட்டில் எந்தச் சாதனமும் இல்லாதவர்களுக்கு முதலில் போனது.

பார்வையற்ற மாணவியின் அம்மா

நான் ஆசிரியை இல்லை, எழுதலாம்தானே?

என் மகள் பிறவியிலேயே பார்வையற்றவள். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வழியாகப் படிக்கிறாள், திரையில் உள்ள எழுத்தை அது குரலில் வாசித்துச் சொல்லும். பார்வையற்ற ஓர் ஆஸ்திரேலிய நிரலாளர் 2006-ல் தொடங்கிய மென்பொருள் அது, இன்றும் இலவசம். வீட்டில் எல்லாவற்றையும் அவளே வாசித்துக்கொள்வாள். பள்ளியிலிருந்து வரும் பாடக்குறிப்பை மட்டும் முடியாது. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவார்கள். கண்ணுக்கு அது எழுத்து, திரைவாசிப்பானுக்கு வெறும் படம். அது "காலிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முதல் பள்ளியில் இதை மூன்று முறை சொன்னேன். "நீங்க படிச்சுக் காட்டுங்கம்மா" என்றார்கள். இரண்டு வருடம் படித்துக் காட்டினேன்.

இப்போதைய பள்ளியின் தலைமையாசிரியை செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுப்பாட ஆப் ஒன்றை வாங்க மூன்று நிறுவனங்கள் வந்து காட்டிவிட்டுப் போயிருந்தன. முடிவெடுக்கும் முன் என் மகளைக் கூப்பிட்டு, "நீ மூணையும் பயன்படுத்திப் பார்த்துட்டு சொல்லு, உன்னால முடியாததை நாங்க வாங்க மாட்டோம்" என்றார். இரண்டில் உள்ளே நுழையவே முடியவில்லை, திரைவாசிப்பான் வாசித்துச் சொல்லப் பொத்தான்களுக்குப் பெயரே கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்றுதான் பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொன்னார்களாம். மூன்றாவதை வாங்கினார்கள். பாடக்குறிப்புகளும் இப்போது தட்டச்சு செய்துதான் வருகின்றன. அதனால் வீட்டில் போனின் சின்னத் திரையில் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது.

வாங்கிய பிறகு குறை சொன்னால் நாம் தொந்தரவு கொடுப்பவர்கள். வாங்கும் முன் கேட்டதால் அவள் ஆலோசகர். அன்று வீட்டுக்கு வந்து அவள் பேசிய பேச்சை நான் மறக்க மாட்டேன்.

ஆசிரியர் பயிற்றுநர்

"எல்லாருக்கும் ஒரே கருவி கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும்" என்று பயிற்சிகளில் இன்னும் கேட்கிறேன். அப்போதெல்லாம் பெருவைச் சொல்வேன். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று 2005-ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தை மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்ட நாடு அது. 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, கணிதத்திலும் மொழியிலும் எந்த மாற்றமும் தென்படவில்லை. பிள்ளைகள் கைக்குக் கணினி போனது, வகுப்பில் பாடம் நடக்கும் விதம் அப்படியே இருந்தது. மேலே கணித ஆசிரியர் சொன்ன அந்த நோட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை. எங்கள் பயிற்சியில் அதைச் சேர்க்கப் போகிறேன்.

மொழி ஆசிரியை

நான் எழுதப்போவது கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் பிள்ளைகளில் யாரும் வெளியே நிற்கவில்லை. எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள், சிலரை மென்பொருள் கீழ்த்தளத்தில் உட்கார வைத்திருந்தது.

வாசிப்புப் பயிற்சி மென்பொருள் ஒன்று. முதல் நாள் தேர்வு வைத்து ஒவ்வொருவரையும் ஒரு நிலையில் போடும். முதல் நிலையில் விழுந்தவர்களுக்குச் சொல்லைப் பொருத்துவது, கோடிட்ட இடத்தை நிரப்புவது. நான்காம் நிலையில் கதை, கேள்வி, சொந்தமாக எழுதுவது. மார்ச் மாதம் எங்கள் தலைமையாசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஜூனில் முதல் நிலையில் இருந்தவர்களில் எத்தனை பேர் மேலே போயிருக்கிறார்கள்? எடுத்துப் பார்த்தோம். 9 பேரில் 2 பேர். மற்ற 7 பேரும் பத்து மாதமாகச் சொல்லைப் பொருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் வீட்டில் எங்கள் பள்ளி மொழியைப் பேசாத குடும்பத்துப் பிள்ளை. வாயால் கதை சொன்னால் வகுப்பே அசையாமல் கேட்கும். முதல் நாள் தேர்வு அவனிடம் எழுத்துக்கூட்டலை மட்டும் கேட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கும். தேர்வு நடத்த முடியாததால் ஒரு கணிப்பு முறையால் ஏ லெவல் எனும் பள்ளி இறுதித் தேர்வுக்கு மதிப்பெண் போட்டார்கள். அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளையும் அது கணக்கில் எடுத்தது. ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீத மதிப்பீடுகள் கீழே இறங்கின. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடே நின்றது, அப்படிப்பட்ட வகுப்புகள் தனியார் பள்ளிகளில் அதிகம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், நான்கே நாளில் அரசு அந்த மதிப்பெண்களைத் திரும்பப் பெற்றது. அங்கே எதிர்த்துக் கேட்கும் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒன்பது வயது.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒரு முறை, நிலை மாறாதவர்களின் பட்டியலை எடுத்து அவர்களோடு நாங்களே உட்கார்ந்து பேசிப் பார்க்கிறோம். நிலையை மாற்றும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று தலைமையாசிரியர் எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

விரைவில் பொறுப்பேற்கப் போகிறவர்

அடுத்த மாதம் முதன்முறையாகத் தலைமைப் பொறுப்புக்குப் போகிறேன். ஸ்மார்ட் போர்டு எத்தனை, எந்த ஆப் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

தொடங்கியவர்

வாழ்த்துகள். முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். இருப்பதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று அந்தத் தலைமையாசிரியர் மாதிரி ஒரு வாரம் உட்கார்ந்து குறித்துப் பாருங்கள். வாங்கும் நாள் வந்தால் பள்ளியில் யாருக்கு அது மிகவும் கடினமாக இருக்குமோ அந்தப் பிள்ளையிடம் முதலில் கொடுங்கள். இந்தத் தாய் எழுதியதைப் படித்த பிறகு நானும் அப்படித்தான் செய்யப் போகிறேன்.

வருகைப் பட்டியலை வாங்கினால் வராதவர்கள் பக்கத்தை முதலில் படியுங்கள். போனை நீங்களே செய்யுங்கள், வேறு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தலைமையாசிரியரே பேசுகிறார் என்றால் வீட்டில் உண்மையைச் சொல்கிறார்கள். நான் பேசிய 11 பேரில் 9 பேர் பள்ளி திறந்ததும் வந்துவிட்டார்கள். ஒருவன் வேலைக்குப் போய்விட்டான், அவன் அம்மாவிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பெண்ணின் வீட்டு எண் நான்காம் மாதத்திலிருந்து அணைந்தே இருந்தது. அப்படி எண் கிடைக்காமல் போனால் அவளோடு நடந்து வரும் தோழியிடம் அன்றைக்கே விசாரியுங்கள். எனக்கு அது ஏழு வாரம் கழித்துத்தான் தோன்றியது, அதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்திருந்தார்கள்.