ரெட் அலர்ட் வந்தால் ஒவ்வொரு தடவையும் காரை மேம்பாலத்தில் ஏற்ற வேண்டுமா?

தரைத்தளம்_வேளச்சேரி:
2024 அக்டோபர் 16-க்கு ரெட் அலர்ட் என்றதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டார்கள், நானும்தான். ஃபைன் போடுவார்கள் என்று வதந்தி வேறு. ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றி, அம்மாவை மாடி வீட்டில் விட்டு, ஆபீசுக்கு லீவும் போட்டேன். தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிவிட்டது, சொன்ன மழை வரவில்லை. வீட்டுக்காரர் இன்னும் கிண்டல் செய்கிறார். ஆனால் 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது "பார்த்துக்கலாம்" என்று இருந்ததில் கார் என்ஜினும் வாஷிங் மெஷினும் போயின. எந்த எச்சரிக்கைக்கு அசைவது, எதை விடுவது?

மதகுக்காரர்:
ஏரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கார் கதைதாம்மா எங்கள் மதகுக் கதையும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அத்தனையும் குடிநீர். முன்கூட்டியே திறந்துவிட்டு மழை ஏமாற்றினால் கோடையில் குடத்தோடு நிற்கிற சனம் நம்மைத்தான் திட்டும், 2019-ல் ஏரிகள் வறண்டபோது பார்த்தோமே. தள்ளிப்போட்டால் 2015 டிசம்பர் 1 வெள்ளம்தான். அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கையும் குறை சொன்னது. ஆனால் அடையாற்றில் வந்தது அந்தத் தண்ணீர் மட்டும் இல்லை, ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து வெள்ளமும் அதில்தான் சேர்ந்தது. அதற்கு எந்த மதகும் கிடையாது.

மேகக்கணக்கு:
ரெட் என்றால் மாவட்டத்தில் எங்காவது 24 மணி நேரத்தில் 20 செ.மீ.-க்கு மேல் பெய்யக்கூடும் என்றுதான் அர்த்தம், உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று இல்லை. தெருவில் தண்ணீர் நிற்பது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஏற்கெனவே எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கடல் ஏற்றமா வற்றமா என்பதையெல்லாம் பொறுத்தது. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆரம்ப நிலையைத் துளித்துளி மாற்றி ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுகிறார்கள். பேச்சுக்கு, அதில் 15 சென்னைக்கும் 35 நெல்லூருக்கும் போனால் சென்னைக்கு எச்சரிக்கை விடாமல் இருக்க முடியுமா? ஒற்றை எண்ணாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் இருக்கிறது. 1997-ல் ஆறு 49 அடி ஏறும் என்றார்கள், ஊர் அதை நம்பி அதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் கரை கட்டியது, வந்தது 54 அடி.

உங்கள் கணக்கு சுலபம். மேம்பாலத்துக்குப் போய்வரப் பெட்ரோல், ஆட்டோ எல்லாம் சேர்த்து 500 ரூபாய், என்ஜின் போனால் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். முந்நூறில் ஒரு தடவை பலித்தாலே போட்ட காசு வந்துவிடும். 2024-ல் நீங்கள் செய்தது சரிதான், மழை வராததால் அது தப்பாகிவிடாது.

ஆட்டோ_ஸ்டாண்ட்:
சார், கணக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா லீவு போட்டாலும் அவங்களுக்குச் சம்பளம் வரும். நான் வண்டியை எடுக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மூணு ரெட் சும்மா போனால் நாலாவதை யார் நம்புவார்கள்?

மேகக்கணக்கு:
நியாயம்தான் அண்ணே. எச்சரிக்கை ஒன்றுதான் என்றாலும் உங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே பதில் வராது. வண்டியை முந்தின ராத்திரியே மேட்டில் நிறுத்திவிட்டு, காலையில் மழையைப் பார்த்து ஓட்டலாமா என்று முடிவு செய்தால் ஒரு நாள் வருமானமாவது மிஞ்சும்.

தரைத்தளம்_வேளச்சேரி:
நன்றி எல்லாருக்கும். கேட் தூணில் மிக்ஜாம் தண்ணீர்க் கறை இன்னும் இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கீழே உள்ள சாமானை எல்லாம் எந்த அலர்ட்டுக்கும் காத்திருக்காமல் அக்டோபர் முதல் வாரமே மேலே ஏற்றிவிடப் போகிறேன். கார் ரெட்டுக்கு மட்டும். முந்நூறு தடவைக் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டினேன், "அப்போ இன்னும் 299 இருக்கா?" என்கிறார்.