பொருள்: அக்டோபர் 2 கிராம சபை, படித்துறை, நம்மிடம் கேட்கும் 4 லட்சம்

அனுப்புவது: வடக்குத்தெரு, தபால்காரர் மகள் (அபுதாபி)

எல்லாருக்கும் வணக்கம்.

அத்தையின் பதினாறாம் நாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போன இடத்தில் காந்தி ஜெயந்தி கிராம சபையிலும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஊர்ப் படித்துறையைச் சரிசெய்ய வெளியூரில் இருக்கிற நம்மிடம் 4 லட்சம் கேட்டு வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதைப் பார்த்து ரெண்டு பேர் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டதாகக் கேள்வி. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படித்துறை போனது போனதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் கீழ்ப் படிகள் எல்லாம் தாமிரபரணி ஆற்றுப் பக்கம் சரிந்து கிடக்கின்றன. கல்லுக்கு அடியில் மண் இல்லை, கையை விட்டால் முழங்கை வரை போகிறது. ஆச்சிமார் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மைனி (அண்ணன் பெண்டாட்டி) துவைக்கிற கல்லை வெள்ளம் முப்பதடி தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. கல்லை யார் தூக்குவது? அவளே அங்கே போய்த் துவைக்கிறாள்.

கூட்டம் பதினொரு மணிக்கு என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்பது விதி. அதனால் அம்மன் கோயில் மண்டபம் இல்லை, பள்ளிக்கூடத்தில் நாம் தகரம் போட்டுக் கொடுத்த கொட்டகை. நான் பத்தரைக்கே போய்விட்டேன். நாற்காலி அடுக்கு அடுக்காக இருந்தது. பிரிக்க ஆள் இல்லாமல் நானும் சத்துணவு ஆயாவும் பிரித்துப் போட்டோம்.

நம் ஊராட்சி 3,000 தலைக்குள். 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வந்தது அறுபது இருக்கும். மீதிக்கு வருகைப் பதிவேட்டை ஒரு பையன் கையில் கொடுத்து சைக்கிளில் அனுப்பினார்கள். அவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் நோட்டை வைத்ததும், எட்டாவது படிக்கிற பேத்தி ஆச்சிக்குச் சேர்த்து அழகாகக் கையெழுத்துப் போட்டாளாம். தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த கூட்டெழுத்தில். வீட்டுக்கு வந்தபிறகு பெருமையாகச் சொல்கிறாள், ஏசவும் மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரவு செலவைப் படிவம் 30 என்று ஃப்ளெக்ஸ் அடித்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். மேல் பாதி நன்றாகத் தெரிந்தது. கீழ்ப் பாதி மேசைக்குப் பின்னால், அதற்கு முன்னால் டீ டிரம். டீ எடுக்கிற சாக்கில் குனிந்து படித்தேன். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், பிளீச்சிங் பவுடர் எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசிக்கு முந்தின வரி, "கீழப் படித்துறை மராமத்து". நேரே ஒரு தொகை, பக்கத்தில் "பணி முடிவுற்றது".

நம்மிடம் இப்போது கேட்பதும் கீழப் படித்துறைக்குத்தான். நமக்கு நாமே திட்டத்தில் 12 லட்சம் மதிப்பீடாம், மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் போடணுமாம், அதுதான் 4 லட்சம். திட்டத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு உண்டு, அது சரிதான். ஆனால் அரசுத் திட்டத்துக்கான பங்கு அரசுக் கணக்குக்குத்தானே போகணும்? வாட்ஸப்பில் வந்த அக்கவுண்ட் நம்பரை எடுத்துப் பாருங்கள். அது ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு.

எழுந்து கேட்டேன். முடிந்த வேலைக்கு எதற்கு மறுபடி மதிப்பீடு என்று. அது மேலப் படித்துறை, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் தப்பாக அடித்துவிட்டான் என்று மேசையிலிருந்து பதில் வந்தது. மேலப் படித்துறையில்தான் பெரியப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டோம், முந்தின வாரம். சிமெண்ட் பட்ட தடமே அங்கே இல்லை. அதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "நீங்க நம்ம ஊர் ஓட்டர் லிஸ்ட்ல இருக்கீங்களாம்மா?" என்றார்.

இல்லை. எனக்கு 2011-லேயே பேர் எடுத்தாயிற்று. கிராம சபை என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான். சட்டம் அவர் பக்கம். நான் உட்கார்ந்துவிட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது.

மைனி எழுந்தாள். கையில் துணிப்பை, பையில் ரேஷன் சர்க்கரை. "அவ கேக்கக் கூடாதுன்னா நான் கேக்கேன். அவ கேட்டதையே நான் கேட்டதா எழுதிக்கிடுங்க."

அவ்வளவுதான், கொட்டகையே கப்சிப். அடுத்த கூட்டத்தில் விளக்கம் தருகிறோம் என்று முடித்துக்கொண்டார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்க வந்தபோது பார்த்தேன், கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஆறு வரி வெறுமையாக விட்டிருந்தது. அதில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் மைனி கையெழுத்துப் போடுவாள் என்று நின்றோம். கிளார்க் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்கேல் கூட இல்லாமல் ஒரு கோடு இழுத்தார். கோணலாக. போதும் என்று வந்துவிட்டோம்.

2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை தேர்தலே நடக்காமல் தலைவருக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் காலமாக ஓடியது. அப்போது யாரிடம் கேட்பது என்றே தெரியாது. இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டம். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1. ஆறிலும் டீ குடிக்க வருகிற ஆட்களே வருகிறார்கள்.

ஃப்ளெக்ஸ் போட்டோ இணைத்திருக்கிறேன். டிரம்மும் விழுந்திருக்கிறது, மன்னிக்கவும்.

அனுப்புவது: மேலத்தெரு (டல்லாஸ்)

தங்கச்சி, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொகையில் முதல் இலக்கம் 3-ஆ 8-ஆ தெரியவில்லை. டிரம்மை நகர்த்தி ஒரு படம் எடுத்திருக்கலாம். எந்த நிதியில் செலவு என்று அடுத்த பத்தியில் இருக்கும், அது உன் படத்தில் பாதிதான் இருக்கிறது. நிதிக்குழு மானியமா, ஊராட்சிப் பொது நிதியா என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு கேட்க முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போட்டால், செய்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தின் நகல் கிடைக்கும். நான் போட முடியாது, அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்.

இன்னொன்று. இதை நான் மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். என்னை மாதிரிக் குடியுரிமை மாற்றியவர்கள் நம் ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அதில் சேராது. சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு, கிடையாது. வாங்கினாலும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில்தான் விழ வேண்டும். அம்பாசமுத்திரத்தில் கணக்குத் திறந்து வாங்குகிற கதை நடக்காது. எனவே யாருடைய பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று அனுப்பிய ரெண்டு பேரும் எழுதட்டும்.

அப்புறம் 2018 தாமிரபரணி புஷ்கரம். அப்போது துணி மாற்றும் அறை கட்டப் பிரித்ததில் மீதி 23,400 ரூபாய். ரசீது என்னிடம் இருக்கிறது. அறை எங்கே என்று நான் கேட்கவில்லை. மீதி எங்கே?

அனுப்புவது: தெற்குத்தெரு (சிங்கப்பூர்)

ஆரம்பிச்சாச்சு.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் கோயிலுக்கு முன்னால் ஆர்ச் கட்டி, சீரியல் பல்பு போட்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரெண்டு செட் வில்லுப்பாட்டு வைத்துவிட்டான். நாம் டீ டிரம்முக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கு என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம். பணம் அனுப்பிய ரெண்டு பேரில் நான் ஒருத்தன். ஆமாம், அந்தக் கணக்குக்குத்தான். கணக்கு யாருடையது என்று எனக்குத் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும். அவர் ஒரு பைசா தின்கிற ஆள் இல்லை. திட்டத்துக்குக் கட்டுவதற்கு முன்னால் ஒரு இடத்தில் சேர்த்து வைக்க வேண்டாமா? நாற்பது பேர் நாற்பது வரைவோலையா எடுப்பான்?

உன் அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபச் சாவி இல்லாமல் உங்க அப்பா நடுத்தெருவில் நின்றபோது சாவி கொண்டு வந்தது யார் என்று வீட்டில் கேள். அவரைப் போய்க் கூட்டத்தில் வைத்துக் கேட்டிருக்கிறாய், வெளியூர்க்காரி மாதிரி.

டல்லாஸ் அண்ணாச்சியிடம் நான் பேசப் போவதில்லை. 2009 கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கிற தலைக்கட்டு வரி தராத வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் ரசீது கேட்கிறார்.

அனுப்புவது: கீழத்தெரு (மும்பை, தாராவி)

பிள்ளைகளா, சண்டை போடாதீங்க. எனக்கு இதில் டைப் அடிக்கப் பேரன்தான் உதவுகிறான், அதனால் சுருக்கமாக.

கீழப் படித்துறையில் ஏழாம் படி முங்கினால் பள்ளிக்கூடம் லீவு. பாபநாசம் அணையில் தண்ணி திறந்துவிட்டதை ரேடியோ சொல்வதற்கு முன்னால் அந்தப் படி சொல்லிவிடும். 1992 நவம்பரில் படி எல்லாம் முங்கி, மண்டபத் தூண் பாதி முங்கி, மறுநாள் காலையில் பார்த்தால் மேலே இருந்து என்னென்னவோ மிதந்து வந்தது. கட்டில், வைக்கோல் படப்பு, உரல் உலக்கையில் உலக்கை மட்டும். அப்போதும் ஒரு படி அசையவில்லை. இந்தத் தடவை எப்படிச் சரிந்தது என்று யாராவது கேட்டீர்களா? பக்கத்திலேயே மணலை அள்ளிவிட்டால் கல் எதில் நிற்கும்?

எங்க தாத்தா காலத்தில் மதிப்பீடும் கிடையாது ஒன்றும் கிடையாது. கார் நெல் அறுத்து, அடுத்த பிசானப் போகத்துக்கு நாற்றுப் பாவுவதற்கு முன்னால் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வந்து கல் தூக்கணும், வராதவன் ஒரு கல் வாங்கித் தரணும். எங்க தாத்தா ரெண்டும் செய்து, கல்லில் பேரும் வெட்டச் சொல்லியிருக்கிறார். கொத்தன் தலைகீழாகப் பதித்துவிட்டான். சாகிறவரைக்கும் அந்தக் கொத்தன் வீட்டில் அவர் தண்ணி குடிக்கவில்லை. மூன்றாம் படி, இடது ஓரம். அந்தக் கல் இருக்கிறதா தங்கச்சி?

நான் 5,000 தருகிறேன். எந்தக் கணக்கென்று நீங்களே பேசி முடிவு செய்து சொல்லுங்கள்.

அனுப்புவது: வடக்குத்தெரு (அபுதாபி)

சிங்கப்பூர் அண்ணனுக்கு: சாவி கொண்டு வந்தது அவர்தான், மறக்கவில்லை. அதற்காகத்தான் மடலில் அவர் பேரை எழுதவில்லை. கணக்கு அவருடையது என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. முடிந்துவிட்டது என்று ஊராட்சி எழுதி வைத்திருக்கிற வேலைக்கு நாம் பணம் கொடுத்தால், நாளைக்குத் தணிக்கையில் மாட்டுவது அவர் கணக்குதான். அவர் வீட்டுக்கு நேரே போய் இதைச் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த கருப்பட்டிக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வெளியூர்க்காரி என்றது மட்டும் வலித்தது. இருக்கட்டும்.

டல்லாஸ் அண்ணாச்சி, படம் மறுபடி எடுக்க முடியவில்லை. மறுநாளே ஃப்ளெக்ஸை அவிழ்த்து யாரோ கோழிக்கூட்டுக்கு மேலே போட்டுவிட்டார்கள். மனு மைனி பேரில் போகிறது, வில்லை வாங்கியாயிற்று. மணல் விஷயத்தையும் சேர்த்துக் கேட்கலாமா என்று நீங்கள் வரைந்து அனுப்புங்கள், உங்களுக்குத்தான் அந்த மொழி வரும்.

அடுத்த கூட்டம் நவம்பர் 1. விளக்கம் தருகிறோம் என்று சொன்ன கூட்டம் அதுதான். உங்கள் வீட்டில் ஊரில் ஓட்டு உள்ள ஆள் யார் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அம்மா, சித்தி, கொழுந்தன், யாராயிருந்தாலும் சரி. சிங்கப்பூர் அண்ணன் வீட்டில் மட்டும் நாலு ஓட்டு இருக்கிறது, நான் பட்டியலைப் பார்த்தேன். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் படிவம் 6ஏ கொடுத்தால் பாஸ்போர்ட்டில் உள்ள விலாசத்திலேயே வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கலாம். ஓட்டுப் போட மட்டும் நேரில் வரணும். நான் நேற்று விண்ணப்பித்துவிட்டேன்.

தாராவி மாமாவுக்கு: மைனியிடம் போனில் கேட்டேன். அவள் துவைக்கிற கல்லில் ஏதோ எழுத்து இருக்கிறதாம். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவளுக்குப் படிக்க வரவில்லை. முதல் எழுத்து "சு" மாதிரி இருக்கு என்கிறாள். தாத்தா பேரா அது?