கென்ட் ஸ்டேட் டீமுக்கு நாலு ஸ்டார் பசங்களை இழுக்க முடியுமா? (காலேஜ் ஃபுட்பால் 25 வீடியோ கேம், ஆன்லைன் டைனஸ்டி)

மூணாவது_டவுன்:
வணக்கம் மக்களே. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆன்லைன் டைனஸ்டி ஓட்டிட்டிருக்கோம், அதாவது ஆளுக்கு ஒரு அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் டீமை எடுத்து சீசன் சீசனா நடத்தறது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல எனக்குச் சின்ன டீமான கென்ட் ஸ்டேட், இன்னொருத்தனுக்குப் பெரிய டீமான ஓஹயோ ஸ்டேட். ரெண்டும் ஒரே மாநிலம், அதுதான் கொடுமையே.

சீசனுக்கு முன்னாடியே, டீமுக்கு இழுக்க வேண்டிய பள்ளிப் பசங்க பட்டியல்ல 35 பேரையும் நிரப்பி, எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுத்துட்டேன். அப்புறம் வாராவாரம் ஆளுக்கு ஒரு மெசேஜ், அதாவது ஆள் இழுக்க கேம் வாராவாரம் கொடுக்கற நேரத்துல 10 மணி நேரம். ரெண்டு ஸ்டார், மூணு ஸ்டார் பசங்க வர்றாங்க (ஸ்டார் கூடக் கூட மதிப்பு அதிகம்). ஆனா நாலு ஸ்டார் ஒருத்தன்கூட நிக்க மாட்டேங்கறான். முதல்ல நான் மேல இருப்பேன், அவன் பட்டியலைச் சுருக்கறப்போ என் பேர் காணாமப் போயிடும். கிளீவ்லாண்ட்ல ஒரு டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையோட ஓரத்துல ஆடறவன்) இருக்கான், எங்க ஸ்டேடியத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அவனாவது கிடைப்பானா?

பெஞ்சு_வாத்தியார்:
தம்பி, அந்தப் பையனோட மூணு விருப்பம் என்னென்ன, டீல் பிரேக்கர் (இது இல்லன்னா வரவே மாட்டேன்னு சொல்றது) என்ன? அந்த விஷயங்கள்ல உங்க காலேஜ் கிரேடும் சொல்லுங்க. அது தெரியாம யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

மூணாவது_டவுன்:
சாரி அண்ணா, இதோ. எனக்கு விளையாடற வாய்ப்பு ஏ. கிளீவ்லாண்ட் பசங்களுக்கு வீட்டுக்குப் பக்கம்ங்கறதும் ஏ. சாம்பியன்ஷிப் வாய்ப்பு, ஸ்டேடியம் சூழல், பிராண்ட் எல்லாம் டி. அந்தப் பையனுக்கு வீட்டுக்குப் பக்கம் வேணும், விளையாட வாய்ப்பு வேணும். மூணாவது இன்னும் திறக்கல. டீல் பிரேக்கரும் விளையாட வாய்ப்புதான்.

பெஞ்சு_வாத்தியார்:
அப்போ அவன் உங்க ஆளுதான். டீல் பிரேக்கர்ல உங்க கிரேடு பத்தலன்னா கதவு அப்படியே பூட்டிக்கும், எவ்வளவு மணி நேரம் கொட்டினாலும் திறக்காது. இங்க அந்தச் சிக்கல் இல்ல. ஓஹயோ ஸ்டேட்ல அதே பொசிஷன்ல ஏற்கெனவே கூட்டம் இருந்தா சிக்கல் அவங்களுக்குத்தான்.

பையன் சரி, நீங்க பங்கு போடற விதம்தான் இடிக்குது. பெரிய டீமுக்குக் கையில நேரம் நிறைய. நீங்க 10 மணி போடற பையனுக்கு அவங்க 50 போடறாங்க. 35 பேருக்கும் பிரசாதம் மாதிரி கிள்ளிக் கொடுத்தா யாருக்கும் வயிறு நிறையாது. மூணு, நாலு பேரை மட்டும் பிடிங்க. மூணாவது விருப்பம் தெரியறதுக்கு குடும்பம், நண்பர்கள்கிட்ட பேசற ஆப்ஷன் 25 மணி, அதைப் போடுங்க. அது தெரிஞ்சதும் கணக்கு சுலபம். மூணும் உங்க நல்ல கிரேடோட பொருந்தினா, பிட்ச் (காலேஜோட பலத்தைச் சொல்லி இழுக்கற ஆப்ஷன்) திறந்தப்புறம் 40 மணி ஹார்ட் செல், அதுல அழுத்தமான வகை. ஒண்ணு, ரெண்டுதான் பொருந்துதுன்னா 50 மணி சென்ட் த ஹவுஸ், அதாவது விருப்பம் பார்க்காம முழு மூச்சா இழுக்கற ஆப்ஷன். பொருந்தாத ஹார்ட் செல்லுக்குச் செலவு பண்றது சுத்த வேஸ்ட். ஸ்வே பண்ணி மனசை மாத்தலாம்னு சிலர் சொல்வாங்க. 30 மணி ஆகும், சின்ன டீமுக்கு அது ஆடம்பரம்.

மிச்ச நேரம் மூணு ஸ்டார் பசங்களுக்கு. செலவழிக்காத மணி அடுத்த வாரத்துக்கு வராது, அதனால சேமிக்க நினைக்காதீங்க.

டிக்ஸ்_கேலரி:
வாத்தியார் சொன்னதோட விசிட்டையும் (பையனை காலேஜுக்கு நேர்ல வரவழைக்கறது) சேர்த்துக்கோங்க ப்ரோ. விசிட்டுக்கு 40 மணி ஆகும், உங்க ஹோம் மேட்ச் வாரத்துலதான் வைக்க முடியும். ஜெயிச்சா பையன் நெருங்குவான், தோத்தா பின்வாங்குவான். கென்ட் ஸ்டேட்டுக்கு இங்கதான் கண்டம். நிஜத்துலயே இவங்க செப்டம்பர்ல பெரிய டீம்களோட மைதானத்துக்குப் போய் அடி வாங்கறவங்க. 2024ல டென்னஸிகிட்ட 71-0, அடுத்த வாரமே பென் ஸ்டேட்டுகிட்ட 56-0, அந்த சீசன் முடிவுல 0-12. கேம்லயும் அட்டவணை அப்படியே இருந்தா உள்ளூர்ல ஜெயிக்கற மாதிரி ஒரு மேட்ச் பார்த்து வைங்க, பெரும்பாலும் மேக் கான்ஃபரன்ஸ் (மிட்-அமெரிக்கன், கென்ட் ஸ்டேட் ஆடற லீக்) மேட்ச்தான் அமையும். சீசனுக்கு முன்னாடி கான்ஃபரன்ஸ் அல்லாத மேட்ச்களை மாத்த உங்க லீக்ல விட்டா, மாத்திடுங்க.

இன்னொண்ணு, ஒரே வாரத்துல ரெண்டு டிஃபென்சிவ் எண்டைக் கூப்பிடாதீங்க. ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் முகம் சுளிப்பான். பந்தை எறியற குவார்ட்டர்பேக்கும் அதைப் பிடிக்கற வைட் ரிசீவரும் சேர்ந்து வந்தா ரெண்டு பேருக்குமே போனஸ்.

ஜெம்_வேட்டை:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். நாலு ஸ்டாரே வேணும்னு ஏன் அடம்? ஸ்கௌட் பண்ணுங்க, அதாவது பையனோட நிஜத் திறமையைத் தோண்டிப் பாருங்க, ஒரு தடவைக்கு 10 மணிதான். பச்சை ஜெம் (ஸ்டாரைவிட திறமை அதிகம்ங்கற குறி) விழுந்த மூணு ஸ்டார், சிவப்பு (திறமை குறைவுங்கற குறி) விழுந்த நாலு ஸ்டாரைவிட நல்லா ஆடலாம். இதே மேக் கான்ஃபரன்ஸ்ல பஃபலோ டீமுக்கு ஆடின கலீல் மேக், பள்ளி முடிச்சப்போ பெருசா யாரும் கண்டுக்காத ஆளு. 2014 என்எஃப்எல் டிராஃப்ட்ல (தொழில்முறை டீம்கள் ஆள் எடுக்கறது) அஞ்சாவதா போனான். உங்க கென்ட் ஸ்டேட்லயே ஜூலியன் எடல்மன் குவார்ட்டர்பேக்கா ஆடி, 2009ல ஏழாவது ரவுண்டுல போய், பின்னால சூப்பர் பவுல்ல எம்விபி ஆகலயா?

பெஞ்சு_வாத்தியார்:
ஜெம் சொல்றது சரி, ஆனா அவர் கேட்டது மேல் டீம் பசங்களை. அதுக்கு நேர் வழி ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது காலேஜ் மாற நினைக்கற ஆட்டக்காரங்க பட்டியல். சீசன் முடிஞ்சதும் நாலு வாரம் திறந்திருக்கும். பெரிய டீம்ல நாலு ஸ்டாரா சேர்ந்து, முன்னாடி வயசுல சின்ன ஸ்டார்ட்டர் ஒருத்தன் நிக்கறதால பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கறவன், விளையாட வாய்ப்பு டீல் பிரேக்கர்னா மூட்டை கட்டிடுவான். வெளிய வந்தவனுக்கு உங்க ஏ கிரேடு கண்ணுல படும். தம்பி, உங்க நண்பனோட ஓஹயோ ஸ்டேட் ரோஸ்டரை (டீம் ஆட்டக்காரங்க பட்டியல்) இப்பவே திறந்து பாருங்க. எந்தப் பொசிஷன்ல மூணாவது இடத்துல நல்ல ரேட்டிங் இருக்கோ, அந்தப் பேரை எழுதி வெச்சுக்கோங்க.

மூணாவது_டவுன்:
பார்த்தேன் அண்ணா. ரிசீவர்ல ரெண்டு பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்காங்க. கிளீவ்லாண்ட் பையனோட மூணாவது விருப்பமும் திறந்துடுச்சு: ஸ்டேடியம் சூழல். எனக்கு அதுல டி.

பெஞ்சு_வாத்தியார்:
மூணுல ரெண்டு ஏ. ஹார்ட் செல் வேணாம், வாராவாரம் 50 மணி சென்ட் த ஹவுஸ் ஓட்டுங்க. விசிட் வாரத்துல மட்டும் விசிட்டுக்கு இடம் விடுங்க. பட்டியல்ல இருக்கற மத்த டிஃபென்சிவ் எண்டுகளை இன்னைக்கே எடுத்துடுங்க. ரெண்டு, மூணு பேரைச் சேர்த்துட்டா அடுத்த வருஷம் விளையாட வாய்ப்பு கிரேடு இறங்கிடும், அப்புறம் இதே பையன் உங்ககிட்டருந்து போர்ட்டலுக்குப் போவான்.

மூணாவது_டவுன்:
எடுத்துட்டேன். அந்த ரெண்டு ரிசீவர்ல யாருக்காவது ஓஹயோ பக்கம் சொந்த ஊரா இருந்தா பைப்லைனும் (அந்தப் பகுதியில காலேஜுக்கு இருக்கற செல்வாக்கு) சேருமா?

டிக்ஸ்_கேலரி:
சேரும் ப்ரோ, போர்ட்டல் பசங்களுக்கும் பைப்லைன் உண்டு. அவங்க ப்ரொஃபைல்லயே எந்தப் பகுதின்னு போட்டிருக்கும், உங்க பட்டியலோட ஒத்துப் பாருங்க. கோச்சோட பைப்லைன் தனி, அதையும் மறக்காம பாருங்க.