பால்கனி கேபின் எந்த இடத்தில் எடுப்பது? மூன்று இடம் காட்டுகிறது, குழப்பமாக இருக்கிறது

நெய்தல்:
வணக்கம். அடுத்த மாதம் ஏழு இரவு கப்பல் பயணம் போகிறோம். நானும் என் கணவரும் ஒரு கேபின், என் அம்மாவும் அத்தையும் பக்கத்துக் கேபின். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு, வளைந்து வளைந்து போகிற சாலையில் கார் போனாலே குமட்டும். ஆனாலும் கடலைப் பார்த்தபடி தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அதனால்தான் பால்கனி என்று முடிவு செய்தோம்.

நானும் கணவரும் நான்கு வருடம் முன்பு ஒரு கப்பலில் போயிருக்கிறோம். கட்டணம் குறைகிறதே என்று, கேபினை அவர்களே ஒதுக்கித் தரும் முறையில் பதிவு செய்தோம். கிடைத்தது நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியற்காலை ஐந்து மணிக்கு மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடுவார்கள். கட்டிலுக்கு நேர் மேலே கர்ர்ர் என்று தொடங்கி அறையின் அந்தக் கோடி வரை போகும், கொஞ்சம் அமைதி, நாம் கண் அசரும் நேரத்தில் அடுத்த நாற்காலி. ஏழு நாளும் இதே கதை. அம்மாவுக்கு அப்படி ஆகக்கூடாது.

இப்போது இருக்கும் இடங்கள்: 14ஆம் தளத்தில் கப்பலின் நடுவில், அதற்கு மேல் தளத்தில் பஃபே உணவகம். அடுத்தது 8ஆம் தளத்தில் கடைசிப் பின்முனை, பால்கனி மற்றவற்றைவிடப் பெரியது. மூன்றாவது 7ஆம் தளத்தில் நடுவில், "பார்வை ஓரளவு மறையும்" என்று போட்டுக் கட்டணம் குறைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். எதை எடுப்பீர்கள்?

அலைமேடு:
குமட்டல் என்று சொல்லிவிட்டீர்கள், அதிலிருந்தே தொடங்கலாம். கப்பல் இரண்டு விதமாக ஆடும். முன்முனை எழும்பிப் பின்முனை தாழும், அப்புறம் மாறி நடக்கும், சீசா பலகை மாதிரி. பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு, இரண்டு முனையில் இருப்பவருக்குத்தான் அதிகம். இன்னொன்று இடமும் வலமுமாகச் சாய்வது. இது மேலே போகப் போகப் பெரிதாகத் தெரியும், தென்னை மரத்தின் அடியில் நிற்பதற்கும் உச்சியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்கப் பெரும்பாலான பயணக் கப்பல்களில் தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவை பெரிதாகக் குறைக்காது. அதனால் உயரத்தைவிட நடுப்பகுதி என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பின்முனையை மறந்துவிடுங்கள். நடுவில், முடிந்த அளவு கீழ்த்தளம்.

பால்கனி இருப்பதும் அம்மாவுக்கு நல்லதுதான். உள் காது ஆட்டத்தை உணர்கிறது, கண் நகராத சுவரைப் பார்க்கிறது, இந்தப் பொருத்தமின்மையில்தான் குமட்டல் வருகிறது. வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்த்தால் பலருக்கு அடங்கிவிடும். மாத்திரை வேண்டுமென்றால் புறப்படும் முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது.

கடைக்கோடி:
பின்முனையை மறந்துவிடுங்கள் என்று ஒரே வரியில் சொல்வது நியாயமில்லை. நான் நான்கு முறை பின்முனை பால்கனியில்தான் போயிருக்கிறேன். கப்பல் ஓடும்போது முன்காற்று அங்கே வந்து அடிக்காது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், கப்பல் கிழித்துவிட்டு வந்த வெள்ளை நுரைப் பாதை நேராக இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், அதன் சத்தத்தில் எனக்கு வருகிற தூக்கம் வீட்டில்கூட வந்ததில்லை. 8ஆம் தளம் உயரமும் இல்லை. கடல் அமைதியாக இருக்கும் பருவம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ஆனால் உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்தால் எனக்கே தயக்கம் வருகிறது. பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். நாடக அரங்கு பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த நடைவழியை முழுக்க நடந்து போய், நடந்து திரும்ப வேண்டும். உந்து விசிறிகளும் பின்னால் கீழேதான், துறைமுகத்தில் கப்பலைத் திருப்பும்போது கட்டில் அதிர்வது தெரியும். எனக்கு அது பழகிவிட்டது, அவருக்குப் பழகுமா தெரியாது.

ஏணிப்படி:
14ஆம் தளம் வேண்டாம். குளத்தின் கீழே பட்ட பாட்டையே பஃபேயின் கீழே படுவீர்கள். அதிகாலையிலேயே தள்ளுவண்டி ஓடும், நாற்காலி உரசும், சமையல் பகுதி நேர் மேலே அமைந்துவிட்டால் இரவில் தரை கழுவுகிற சத்தமும் கேட்கும்.

நான் பார்க்கும் முறை இதுதான். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஒவ்வொரு மாடிக்கும் வரைபடம் இருக்கும். உங்கள் தளம், அதற்கு மேல் தளம், கீழ்த் தளம், மூன்றையும் எடுங்கள். லிஃப்டும் படிக்கட்டும் பெரும்பாலும் எல்லா மாடியிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும், அதை வைத்து மூன்று படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள். உங்கள் கேபினுக்கு மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று வந்தால் நிம்மதி. மேலே தூங்குகிறவர் நாற்காலி இழுக்க மாட்டார். அரங்கு, மதுக்கூடம், நடன அரங்கு இவற்றுக்கு நேர் மேலே இருக்கும் கேபினில் நள்ளிரவு தாண்டியும் தாளம் தரை வழியாக ஏறி வரும்.

வரைபடத்தில் எண்ணோ பெயரோ இல்லாமல் வெற்றாக விட்டிருக்கும் இடங்களைக் கவனியுங்கள். அவை காலி இடங்கள் இல்லை, ஊழியர்களின் சாமான் அறையாகவோ அவர்களுடைய லிஃப்டாகவோ இருக்கும். அதை ஒட்டிய கேபின் வேண்டாம்.

வடக்குக்காற்று:
7ஆம் தளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பார்வை மறையும் என்றால் பெரும்பாலும் உயிர்காப்புப் படகுதான். படகு உங்கள் பால்கனிக்கு நேர் எதிரே தொங்கினால் ஆரஞ்சு நிறக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், உங்கள் பால்கனி படகுக்கு ஒரு தளம் மேலே இருந்தால் கீழே பார்க்கும்போது மட்டும் படகு தெரியும், நேரே பார்த்தால் கடல். இது கேபினுக்குக் கேபின் மாறும், அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால் யாராவது எடுத்த படம் கிடைக்கலாம். சில துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் கடலில் நங்கூரமிட்டுப் படகில் ஆட்களைக் கொண்டு போவார்கள். அந்தக் காலை வேளையில் படகு இறக்கும் பொறியின் சத்தம் அந்தத் தளத்துக்கு நன்றாகவே வரும்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை: பால்கனியின் கைப்பிடிச் சுவர் கண்ணாடியா, இரும்புத் தகடா? சில கப்பல்களில் சில தளங்களில் மட்டும் இரும்புத் தகடு. நின்றால் ஒன்றும் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், கண் மட்டத்துக்குச் சுவர் வந்துவிடும், மேலே வானம் மட்டும்தான். முழங்கால் வலியோடு உட்கார்ந்தே பார்க்கப் போகிற அம்மாவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். கண்ணாடி என்று உறுதி செய்த பிறகு பணம் கட்டுங்கள்.

பால்கனி என்ற பெயரில் என்ன தருகிறார்கள் என்றும் பாருங்கள். 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் வகைக் கப்பல்களில் உள்ளே இருக்கும் பூங்காவைப் பார்த்தபடி பால்கனிகள் உண்டு, அங்கிருந்து கடல் தெரியாது. 2018இல் வந்த செலிபிரிட்டி எட்ஜில் பெரும்பாலான கேபின்களில் தனிப் பால்கனி கிடையாது, பெரிய ஜன்னலின் மேல்பாதி பொத்தானை அழுத்தினால் கீழே இறங்கும். சிலருக்கு அது பிடிக்கும், திறந்த வெளியில் உட்கார நினைப்பவருக்கு ஏமாற்றம்.

நெய்தல்:
எல்லோருக்கும் மிக்க நன்றி, நேற்று இரவு ஒரு மணி வரை வரைபடத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றையும் விட்டுவிட்டேன். அழைத்துக் கேட்டதில் 9ஆம் தளத்தில் நடுப்பகுதியில் இன்னும் சில இருக்கின்றன என்றார்கள், கைப்பிடி கண்ணாடிதான் என்றும் சொன்னார்கள். மேலே 10, கீழே 8, இரண்டிலும் கேபின்கள் மட்டுமே. லிஃப்டிலிருந்து ஆறாவது கதவு. இரண்டு சந்தேகம். ஒரு ஜோடி கேபினுக்கு நடுவே கதவு இருக்கிறது, அந்த ஜோடியை ஒட்டி நீங்கள் சொன்ன மாதிரி வெற்றிடம். இரண்டு கதவு தள்ளி இன்னொரு ஜோடி, அதற்கும் நடுவே கதவு உண்டு, பக்கத்தில் வெற்றிடம் இல்லை, ஆனால் லிஃப்டுக்கு நடை கொஞ்சம் கூடும். அப்புறம் இடது பக்கமா வலது பக்கமா? புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்புகிற பயணம், மூன்று நாள் முழுக்கக் கடலில்.

ஏணிப்படி:
இரண்டு கதவு தள்ளி இருப்பதையே எடுங்கள். எட்டாவது கதவு என்பது முழங்காலுக்குப் பெரிய தூரம் இல்லை. நடுக்கதவு வழியாகப் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும் என்பதால் பொதுவாக நான் அதைத் தவிர்ப்பேன், ஆனால் மறுபக்கம் இருக்கப்போவது உங்கள் அம்மாதானே. ராத்திரி அவர் கூப்பிட்டால் நடைவழிக்கு வராமலே போகலாம். இரண்டு பால்கனிக்கும் நடுவில் உள்ள தடுப்பையும் பல கப்பல்களில் கேபின் ஊழியரிடம் கேட்டால் திறந்துவிடுவார், ஏறிய முதல் நாளே கேளுங்கள்.

அலைமேடு:
பக்கம் பற்றி: ஒரு வழிப் பயணம் என்றால் பார்க்க வேண்டியதுதான். அலாஸ்காவில் வடக்கே போகிற கப்பலில் கரை வலப்பக்கம், தெற்கே திரும்புவதில் இடப்பக்கம். போய்த் திரும்புகிற பயணத்தில் இரண்டும் சமமாகிவிடும். பூமியின் வடபாதியில் கப்பல் மேற்கே போனால் வெயில் பெரும்பாலும் இடப்பக்கம் அடிக்கும், கிழக்கே போனால் வலப்பக்கம். உங்கள் கடல் நாட்கள் எந்தத் திசையில் என்று பார்த்து, அம்மாவுக்கு நிழல் வேண்டுமா வெயில் வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். எண்ணை வைத்துப் பக்கத்தை ஊகிக்காதீர்கள், இரட்டைப்படை எந்தப் பக்கம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கப்பலின் முன்முனையைப் பார்த்து நின்றால் இடக்கை எந்தப் பக்கமோ அதுதான் இடப்பக்கம்.

கடைக்கோடி:
பதிவு செய்யும்போது "மேம்பாடு வேண்டாம்" என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நல்லது செய்வதாக நினைத்து இலவசமாக உயர்ந்த வகுப்பு என்று தூக்கி மேல்தளத்து முன்முனையில் போட்டுவிடுவார்கள், நீங்கள் இத்தனை பார்த்துத் தேர்ந்தெடுத்தது வீணாகும். அப்புறம் பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது நடைவழிக் கதவைத் திறக்காதீர்கள். காற்று சுழன்று வந்து கதவை அறையும், கை விரல் நடுவில் மாட்டினால் நசுங்கிவிடும். அம்மாவிடமும் அத்தையிடமும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

நெய்தல்:
போய் வந்துவிட்டோம். கேட்டுவிட்டுச் சொல்லாமல் போகக்கூடாது என்று எழுதுகிறேன். 9ஆம் தளத்தில் இரண்டாவது ஜோடியையே எடுத்தோம். மூன்றாம் நாள் நல்ல அலை. முன்பக்க அரங்கில் திரைச்சீலை முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது, எனக்கே வயிற்றைப் பிரட்டி, பாதியில் எழுந்து வந்தேன். கேபினுக்கு வந்தால் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரில் தண்ணீர் மெதுவாக ஒரு விளிம்புக்கு ஏறி இறங்கியது, அவ்வளவுதான். அம்மா பால்கனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை காலையில் போட்டது மட்டும். தடுப்பை முதல் நாளே திறந்துவிட்டார்கள்.

அந்த வெற்றிடம் சாமான் அறைதான். காலையில் அதைக் கடந்து போகும்போதெல்லாம் துணி வண்டிகள் வெளியே வருவதும், அந்தக் கனமான கதவு தானாக மூடி இடிப்பதும் கேட்கும். எங்கள் அறைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. அம்மா ஏழு நாளும் ஏழு மணி வரை தூங்கினார். இறங்கும் அன்று கேபின் எண்ணை ஒரு தாளில் எழுதித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.